ட்ராய்மெராயை நாலு வில்லுக்கு எழுதும்போது நடக்கும் தவறுகள்

ட்ராய்மெராய், ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1838-ல் எழுதிய கிண்டர்ஸ்ஸேனன் என்ற பியானோத் தொகுப்பில் ஏழாவது துண்டு, மொத்தம் 24 பார்தான் (பார் என்பது தாளக் கட்டம்). இதை இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற நாலு வில் வாத்தியங்களுக்கு மாற்றி எழுதுவதைத்தான் சொல்கிறேன். பியானோவிலேயே நாலு குரல்கள் தனித்தனியாக நடப்பதுபோல இருப்பதால், மேல்வரி முதல் வயலினுக்கு, அடிவரி செல்லோவுக்கு, மிச்சம் நடுவில் இருக்கிற இருவருக்கு என்று பிரித்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் சறுக்கும்.

முதலில் பெடல், அதாவது விரலை எடுத்த பிறகும் நோட்டை ஒலிக்கவைக்கும் பியானோவின் கால்மிதி. தொடக்கத்தில் அடியில் எஃப் விழுந்து, அதன் மேல் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) வந்து சேர்கிறது. பியானோவில் பெடல் இரண்டையும் தாங்கிக்கொள்ளும். வில்லுக்குப் பெடல் கிடையாது. அச்சில் இருக்கிற நீளத்தையே வைத்தால் நடுவில் ஓட்டை விழும், அதனால் நோட்டுகளை நீட்டித்தான் எழுதவேண்டும். ஆனால் பியானோவில் அடித்த நோட்டு தானாகவே மங்கிவிடும், வியோலாவில் மங்காது, வாசிக்கிறவர்தான் மங்க வைக்கவேண்டும். நீட்டிய ஒவ்வொரு நோட்டிலும் ஒலி படிப்படியாகக் குறையும் குறியைப் போடுங்கள், இல்லாவிட்டால் மெட்டு அடியில் அமுங்கிப்போகும்.

அந்த மெட்டு ஈ, எஃப், ஏ, சி என்று ஏறி மேல் எஃப்பைத் தொடுகிற இடம்தான் இந்தப் பாட்டின் உயிர். அதில் ஏ-வைத் திறந்த தந்தியில் வாசித்தால் அது மட்டும் பளிச்சென்று துருத்திக்கொண்டு நிற்கும். டி தந்தியில் நாலாவது விரலால் வாசிக்கச் சொல்லி விரல் எண்ணை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

நடுப்பகுதியில் அதே ஏறுமுகத்துக்கு உள்குரல்கள் பதில் சொல்லும். இரண்டாவது வயலினும் வியோலாவும் அங்கே வெறும் பக்கத்துணை இல்லை, அவர்களும் பாடவேண்டும்.

சுருதியைக் கீழே இறக்க ஆசையா? சி மேஜருக்குக் கீழே போகாதீர்கள், முதல் நோட்டே வயலினுக்கு எட்டாது. அப்புறம் வேகம். முதல் பதிப்பில் கால் நோட்டுக்கு 100, அதாவது நிமிடத்துக்கு 100 கால் நோட்டு என்று இருக்கிறது. அதை அப்படியே பிடிக்கச் சொல்லவில்லை, ஆனால் பாட்டின் பெயர் கனவு என்பதற்காகத் தூங்கி வழிகிற வேகத்தில் போனால் வில்லும் தீர்ந்துவிடும், வாக்கியமும் அறுந்துவிடும்.

கடைசியாக, முடிவுக்குச் சற்று முன்னால் வரும் ஃபெர்மாட்டா, அதாவது கார்டை நிறுத்திப் பிடிக்கச் சொல்லும் குறி. ஜி, பி, டி, எஃப், ஏ என்று ஐந்து சுரங்கள், உங்களிடம் இருப்பதோ நாலு பேர். விடவேண்டியது டி. பி-யை விட்டால் அந்தக் கார்டின் ஏக்கமே போய்விடும்.