கண்காணிப்பு அரசு பத்தி டிஸ்டோப்பியா கதை எழுதப் போறீங்களா, மொதல்ல அந்தத் திரையக் கழட்டுங்க

டிஸ்டோப்பியா, அதாவது அடக்குமுறைல சிக்கிக் கெட்டுப்போன ஒரு சமூகத்தப் பத்தின கதை எழுத உக்காந்ததும் நிறைய பேருக்கு மனசுல வர்றது சுவர்ல ஒரு பெரிய திரை, அதுல நம்மளயே பாத்துட்டு இருக்கிற ஒரு மீசைக்கார தலைவர். ஆர்வெல் 1949லயே '1984' நாவல்ல அத எழுதி முடிச்சுட்டார், இப்ப அதயே திரும்ப வச்சா படிக்கிறவங்களுக்கு பயமே வராது. அதனால மொத வேலை அந்தத் திரைய எடுத்துடுறது.

அப்புறம் நெஜமா நடந்தத தேடிப் படிங்க. நான் யார் கேட்டாலும் சொல்றது சீனாவோட சின்ஜியாங், உய்குர் முஸ்லிம் மக்கள் வாழுற பகுதி. அங்க போலீஸ் யூஸ் பண்ற ஒரு மொபைல் ஆப்ப ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு பிரிச்சு ஆராய்ஞ்சு 2019 மே மாசம் ரிப்போர்ட் வெளியிட்டாங்க, அத முழுசா படிங்க. ஒரு வீட்ல கரண்ட் வழக்கத்த விட அதிகமா செலவாச்சுன்னா சிஸ்டம் ஆள அனுப்பும், போறவர் காரணத்த மெனுல இருந்து டிக் பண்ணணும், புதுசா ஏதாவது எலக்ட்ரிக் சாமான் வாங்கிருக்காங்களா, வீட்ல வேலை நடக்குதா, விவசாயம் பண்றவங்களா, வெல்டிங் மெஷின் மாதிரி சந்தேகப்படுற பொருள் இருக்கா. அக்கம்பக்கத்துல பழகாம இருக்கிறது, முன்வாசல் வழியா அதிகமா போகாம இருக்கிறது, வேற ஆள் பேர்ல இருக்கிற போன் வச்சிருக்கிறது, இதெல்லாம்கூட அங்க விசாரிக்க வேண்டிய விஷயம். வாட்ஸ்அப்பும், தடை பண்ண சைட்டுக்குள்ள போக யூஸ் பண்ற விபிஎன்னும் சந்தேகப் பட்டியல்ல இருக்கு.

இத வச்சு ஒரே ஒரு சீன் எழுதிப் பாருங்க. கதவத் தட்டுற போலீஸ்காரன் வில்லனா இருக்க வேண்டாம், அந்த ஆப் அவனோட வேலைக்கும் மார்க் போடுது, அதனால அவனுக்கும் எதயாவது டிக் பண்ணிட்டு அடுத்த வீட்டுக்குப் போகணும். உள்ள இருக்கிற அம்மா குழந்தைக்கு காய்ச்சல்னு ராத்திரி பூரா ஹீட்டர் போட்டேன்னு சொல்றாங்க, ஆனா அவன் பாக்குற மெனுல 'காய்ச்சல்'னு ஒரு ஆப்ஷன் இல்ல. உங்க கதையோட பயம் அந்த இடத்துலதான் இருக்கு, சத்தமே போட வேண்டாம்.

அடுத்து காலம், இத பல பேர் கவனிக்கிறதில்ல. ஆர்வெல் கதைல பயம் 'இப்ப யாராவது பாக்குறாங்களா'ங்கிறது, ஹீரோ வின்ஸ்டன் திரைக்குத் தெரியாத ஒரு மூலைல உக்காந்து டைரி எழுதுவான். இன்னிக்கு அந்த நிமிஷத்துல யாரும் பாக்கவே வேண்டாம், எல்லாம் சேமிச்சு வச்சாச்சு, சட்டம் மாறுனா பழசத் தோண்டி எடுத்துக்கலாம். அதனால உங்க ஹீரோ இன்னிக்கு எந்தத் தப்பும் பண்ண வேண்டாம், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சாதாரணமா பண்ண ஒரு விஷயம் இன்னிக்கு குத்தமாகிடுச்சுன்னு வைங்க, ப்ளாட் தானா நகரும்.

ஒட்டுக் கேக்குற சீனும் வேண்டாம். 2013 ஜூன்ல, அமெரிக்க உளவு ரகசியங்கள வெளிய விட்ட ஸ்னோடன் மூலமா மொதல்ல வெளிய வந்தது, வெரைசான் போன் கம்பெனி கிட்ட இருந்து அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ மொத்தமா வாங்குன கால் பதிவுகள் பத்திதான், யார் யாருக்கு, எப்ப, எவ்வளவு நேரம், பேசுன வார்த்தை ஒண்ணுகூட அதுல கிடையாது. பயிற்சியா ஒருத்தரோட ஒரு வாரத்த வெறும் கால் லிஸ்ட்டா எழுதுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி, உடனே அக்கா, காலைல வக்கீல், அதுக்கப்புறம் மூணு நாள் ஒரு காலும் இல்ல. படிக்கிறவங்க மொத்த கதையயும் புரிஞ்சுப்பாங்க, அதிகாரி அதயே தப்பாப் புரிஞ்சுப்பார், இந்த ரெண்டுக்கும் நடுவுல உங்க கதைய வைங்க.

கடைசியா ஒண்ணு, தயவுசெஞ்சு இத சீரியஸா எடுத்துக்கோங்க. உய்குர் மக்கள் குடுத்த வாக்குமூலங்கள் நிறைய கெடைக்கும், படிங்க, ஆனா ஒருத்தரோட ஊர், தொழில், குடும்பம் எல்லாத்தயும் அப்படியே கதைல எறக்காதீங்க. சொன்னவங்க வெளிநாட்டுல இருக்கலாம், அவங்க சொந்தக்காரங்க இன்னும் சின்ஜியாங்லதான் இருக்கலாம். நாலஞ்சு பேர் அனுபவத்தக் கலந்து, ஊரயும் தொழிலயும் மாத்தி எழுதுங்க.