ஃபியூஸ் போகவில்லை, ஃபியூஸ் பாக்ஸ் உருகிவிட்டது: காரில் செய்யக் கூடாத தவறுகள்

ஏசி புளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கருகிய வாடை. ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால் ஒரு ஃபியூஸின் கால் சொருகியிருக்கும் இடம் பழுப்பேறி உருகிக் கிடக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தாலோ உள்ளே கம்பி அறுபடவே இல்லை. என் பழைய காரில் இப்படி ஆனபோது, "ஃபியூஸ் நல்லாத்தானே இருக்கு" என்று காலை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போட்டுவிட்டோம். இரண்டு வாரத்தில் பக்கத்து ஃபியூஸின் இடமும் சேர்ந்து உருகியது.

ஃபியூஸ் தடுப்பது அளவுக்கு மீறிய கரண்டை. லூஸ் கனெக்‌ஷனில் உண்டாகும் சூட்டை அது தடுக்காது. புளோயர் 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் காலைக் கவ்வும் டெர்மினல் தளர்ந்து, அங்கே வெறும் 0.05 ஓம் தடை வந்தாலே 20 வாட் சூடு பிறக்கும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை அந்த இடத்தில் செருகி வைத்த மாதிரி. 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு 20 ஆம்பியர் சாதாரணம், அதனால் அது போகாமல் நிற்கும். சூட்டில் டெர்மினலின் விறைப்பு குறையும், குறையக் குறையச் சூடு இன்னும் ஏறும். உப்புத்தாளில் தேய்த்தால் இந்த விறைப்பு திரும்பாது, மேல்பூச்சுதான் போகும்.

அடுத்த தவறு மல்டிமீட்டரில் நடக்கிறது. இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டியில் வைத்து 'பீப்' கேட்டதும் கனெக்‌ஷன் சரி என்று நினைத்துவிடுகிறோம். 0.05 ஓமுக்கும் அது பீப் அடிக்கும். புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஃபியூஸின் முதுகில் தெரியும் உலோகப் புள்ளிக்கும் அதே பக்கத்து ஒயர் டெர்மினலுக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். 1 வோல்ட் காட்டினால் அந்த இடத்தில்தான் 20 வாட் எரிகிறது. கூடவே மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். தேய்ந்துபோன புளோயரோ ரேடியேட்டர் ஃபேனோ வழக்கத்தைவிட அதிகம் இழுக்கும். அதை விட்டுவிட்டுப் பாக்ஸை மட்டும் மாற்றினால் புதியதும் உருகலாம். இதற்கு ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டிசி (நேர்திசை) கரண்டை அளப்பதா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானவை பல ஏசி (மாறுதிசை) கரண்டை மட்டுமே அளக்கும்.

பெரிய ஃபியூஸ் போடுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் கார் தீப்பிடிக்கும் வழி அது. மஞ்சள் 20 ஆம்பியர் அடிக்கடி போகிறது என்று பச்சை 30-ஐ வைத்தால், மெல்லிய ஒயர்தான் ஃபியூஸ் வேலையைப் பார்க்கும், அதுவும் டேஷ்போர்டுக்குள் எரிந்து. ஹெட்லைட்டுக்கு 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்பைக் கழற்றி 100/90 மாட்டுவதும் இதே கதை. 12 வோல்ட்டில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போன இடத்தில் ஹை பீமில் 17 ஆம்பியர் போகும். அப்படித்தான் வேண்டுமென்றால், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸும், சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் ரிலேயும் வைத்துப் புது ஒயர் இழுக்க வேண்டும். டேஷ்கேமுக்கு ஃபியூஸ் காலோடு ஒயரைச் சுற்றிச் செருகுவதும் வேண்டாம். அது டெர்மினலை அகட்டிவிடும்.

சரி, ரிப்பேர். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் பாக்ஸில் கை வைக்காதீர்கள். ஒயரில் கறுத்த பகுதியை, செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே தடிமன் ஒயர், புது டெர்மினல், சரியான கருவியால் கிரிம்ப் (டெர்மினலை ஒயரில் நசுக்கிப் பொருத்துவது), மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். முறுக்கி டேப் சுற்றினால் அங்கே இன்னொரு லூஸ் கனெக்‌ஷன்தான். ஒரே ஒரு இடம் மட்டும் கெட்டிருந்தால், அந்த சர்க்யூட்டை வெளியே எடுத்து அதே ஆம்பியரில் தனி ஃபியூஸ் ஹோல்டர் போடுவது என் கணக்கில் ஏற்கத்தக்க வேலை. பிளாஸ்டிக் கரியாகியிருந்தால் முழுப் பாக்ஸும் மாற வேண்டும், கரி மின்சாரத்தைக் கடத்தும். சென்னையில் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் தேடுபவர்கள் காரின் மாடலை மட்டும் சொல்லி வாங்கிவிடக் கூடாது. வேரியன்ட் மாறினால் உள்ளிணைப்பும் மாறலாம், பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும். பச்சைக் களிம்பு தெரிந்தால், தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஏசி, புளோயர், ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டு இருபது நிமிடம் ஓடவிட்டு, மாற்றிய இடத்தின் பிளாஸ்டிக்கை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்கள்.