கரப்பான் தோல்நோயுடன் வாழ்வோர் பிரிட்டனில் தொண்டு நிறுவனங்களின் உதவியைப் பெறும் முறை

எக்ஸிமா எனப்படும் கரப்பான் உள்ளவர் மருத்துவரின் எதிரே அமர்வது சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அரிப்பையும் களிம்பையும் உறங்காத இரவையும் வீட்டிலேயே சமாளிக்க வேண்டியிருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் உதவுவது அந்த நேரத்துக்குத்தான். 1975-இல் தொடங்கப்பட்ட நேஷனல் எக்ஸிமா சொசைட்டி எல்லா வயதினருக்கும் ஆலோசனை வழங்குகிறது. ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸிமா அவுட்ரீச் சப்போர்ட், இந்நோயுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் துணை நிற்கிறது. நோயைக் கண்டறிவதோ மருந்து எழுதித் தருவதோ இவற்றின் வேலையல்ல.

தொடர்புகொள்வதற்கு முன் பயன்படுத்தும் களிம்புகளின் பெயர், வீரியம், வாரத்துக்குச் செலவாகும் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'போயம்' என்னும் 7 கேள்விகள் கொண்ட படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த ஒரு வாரத்தின் அரிப்பு, உறக்கக் குறைவு, தோல் வெடிப்பு முதலியவற்றை அது 28-க்கு மதிப்பிடுகிறது. 'மிகவும் மோசமாக இருக்கிறது' என்று சொல்வதைவிட, சென்ற மாதம் 11, இப்போது 20 என்று சொல்வது ஆலோசகருக்கும் மருத்துவருக்கும் உடனே விளங்கும். நம் தோலில் கரப்பான் சிவப்பாகத் தெரியாமல் கருமை, சாம்பல் அல்லது ஊதா நிறமாகத் தோன்றக்கூடும் என்பதால், 'சிவக்கவில்லையே' என்று யாரேனும் இலேசாக எடுத்துக்கொண்டால் தயங்காமல் இதைச் சொல்லுங்கள். உறவினர் கொடுத்த, உட்பொருள் எழுதப்படாத களிம்பைப் பூசியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். மூலிகை என்று விற்கப்பட்ட சிலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கண்டறியப்பட்டுள்ளது.

எவ்வளவு பூசுவது என்பதை ஆலோசகரிடம் கட்டாயம் கேளுங்கள். உடல் முழுவதும் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஈரப்பதக் களிம்பு தேவைப்படலாம். பலர் சிறு குழாய் ஒன்றை மாதக்கணக்கில் மிச்சம்பிடித்து, மருந்தே பலிக்கவில்லை என்று மனம் சோர்ந்துபோகிறார்கள். ஸ்டீராய்டு களிம்புக்கு அளவு வேறு: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கியது, விரல்களையும் சேர்த்து பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். இந்த விவரங்களுடன் மருத்துவரிடம் சென்றால் போதிய அளவுக்கு மருந்துச் சீட்டுக் கேட்பது எளிதாகும். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

ஈரப்பதக் களிம்பு துணியில் ஊறிக் காய்ந்தால் அத்துணி வேகமாகத் தீப்பற்றும். துவைத்தாலும் முழுவதும் போகாது. குத்துவிளக்கு ஏற்றும் வீடுகளும் எரிவாயு அடுப்பருகே சேலையுடன் நிற்பவர்களும் இதில் மிகவும் கவனமாயிருக்க வேண்டும். வலியுள்ள சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் திடீரெனக் கிளம்பி, காய்ச்சலும் சேர்ந்தால் எந்த ஆலோசனைக்கும் காத்திராமல் அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.

பணச் சுமைக்கு வேறு வழிகள் உண்டு. இங்கிலாந்தில் மருந்துக் கட்டணம் செலுத்துபவர், ஆண்டுக்குப் பதினொரு மருந்துகளுக்கு மேல் வாங்கினால், ஒரே தொகையை முன்கூட்டிச் செலுத்திப் பெறும் முன்கட்டணச் சான்றிதழ் எடுப்பது சிக்கனம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் கட்டணமே இல்லை. இரவில் அடிக்கடி விழித்துப் பராமரிக்க வேண்டிய நிலையிலுள்ள, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிஸெபிலிட்டி லிவிங் அலவன்ஸ் என்னும் அரசு உதவித்தொகையைக் கோரலாம். ஸ்காட்லாந்தில் இதற்குச் சைல்ட் டிஸெபிலிட்டி பேமென்ட் உள்ளது. கரப்பானுக்கு இது கிடைக்காது என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை; நோயின் பெயரைவிட, அதே வயதுப் பிள்ளையைக் காட்டிலும் எவ்வளவு கூடுதல் பராமரிப்புத் தேவை என்பதே பார்க்கப்படுகிறது. ஆகவே எத்தனை முறை எழுந்தீர்கள், எவ்வளவு நேரம் களிம்பு பூசினீர்கள், எத்தனை முறை விரிப்பை மாற்றினீர்கள் என்று ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதி இணையுங்கள். படிவத்தை நிரப்ப சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் ஆலோசனைத் தொண்டு நிறுவனம் இலவசமாக உதவும்.