புத்தகம் எழுதும்போது அத்தியாயத் தலைப்புகளைக் கையாள்வது எப்படி?

புத்தகம் எழுதும் பலரும் அத்தியாயத் தலைப்பு வந்ததும் அதைத் தட்டச்சு செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். என் முதல் நூலை நானும் அப்படித்தான் எழுதினேன். மொத்தம் 23 அத்தியாயங்கள். கடைசி நேரத்தில் ஏழாவதை மூன்றாவதாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. எண்களைக் கையால் திருத்தி, பொருளடக்கத்தை மறுபடி அடித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அச்சாகி வந்த பிரதியில் ஐந்தாம் அத்தியாயம் இரண்டு முறை இருந்தது. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

எழுத்து பெரிதாக இருப்பதை வைத்து மட்டும் அது தலைப்பு என்று மென்பொருள் புரிந்துகொள்ளாது. அதற்கென்று உள்ள ஸ்டைலை, அதாவது பெயரிட்டு வைத்திருக்கும் ஆயத்த வடிவமைப்பை, நாம் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: ஸ்டைல் கொடுங்கள்

அத்தியாயத் தலைப்பு உள்ள வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோலும் 1-ம் அழுத்துங்கள். அது 'ஹெடிங் 1' ஆகிவிடும். உள்ளே வரும் துணைத் தலைப்புக்கு கண்ட்ரோல் + 2, அதற்கும் உட்பிரிவு இருந்தால் கண்ட்ரோல் + 3. தவறுதலாக ஒரு பத்தி தலைப்பாகிவிட்டால் கண்ட்ரோல் + 0 போதும், சாதாரணப் பத்தியாகிவிடும். எம்.எஸ். வேர்டில் எழுதுகிறவர்கள் 1, 2, 3-க்கு ஆல்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

மூன்று நிலைக்கு மேல் போகாதீர்கள். நாவலுக்கு முதல் நிலை ஒன்றே போதும்.

படி 2: தோற்றத்தை ஒரே இடத்தில் மாற்றுங்கள்

எஃப் 11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் திறக்கும். 'ஹெடிங் 1' மேல் வலது கிளிக் செய்து, ஸ்டைலைத் திருத்தும் வசதிக்குப் போங்கள். இங்கே தமிழில் எழுதுகிறவர்கள் அடிக்கடி தடுமாறுவார்கள்: எழுத்தளவை 14-லிருந்து 20 ஆக்கினாலும் திரையில் எதுவும் மாறாது. காரணம், தமிழை இந்த மென்பொருள் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (எழுத்துகள் சேரும்போது வடிவம் மாறும் மொழிகளுக்கானது) வகையில் வைத்திருக்கிறது. லத்தீன் எழுத்துக்கு ஒரு பெட்டி, நமக்கு வேறு பெட்டி. நம்முடைய பெட்டியில் எழுத்துருவையும் அளவையும் மாற்றுங்கள். அது கண்ணிலேயே படவில்லை என்றால், ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குள் போய் அந்த வகையை டிக் செய்யுங்கள்.

ஒவ்வோர் அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமா? எண்டரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டாம். அதே ஜன்னலில் 'டெக்ஸ்ட் ஃப்ளோ' பகுதியில், தலைப்புக்கு முன்னால் பக்க முறிவு வரும்படி அமைத்துவிடுங்கள்.

படி 3: எண்களை மென்பொருளிடம் விடுங்கள்

டூல்ஸ் மெனுவில் 'ஹெடிங் நம்பரிங்' இருக்கும். பழைய பதிப்புகளில் இதன் பெயர் 'சாப்டர் நம்பரிங்'. முதல் நிலைக்கு 1, 2, 3 என்ற எண் முறையைத் தேர்ந்து, எண்ணுக்கு முன்னால் வரவேண்டிய இடத்தில் 'அத்தியாயம்' என்று எழுதி ஓர் இடைவெளி விடுங்கள். அப்புறம் தலைப்பில் நீங்கள் அடித்து வைத்திருக்கும் எண்களையெல்லாம் அழித்துவிடுங்கள்.

நீளமான தலைப்பை இரண்டு வரியாக உடைக்க நினைத்தால் எண்டர் தட்டாதீர்கள், ஷிஃப்ட் + எண்டர் தட்டுங்கள். 'மழைக்கு முன்' என்று ஒரு வரி, 'வந்த கடிதம்' என்று அடுத்த வரி. நடுவில் வெறும் எண்டர் இருந்தால் அது ஒரு தலைப்பல்ல, இரண்டு. பொருளடக்கத்திலும் தனித்தனியாக வந்து நிற்கும்.

படி 4: நேவிகேட்டர்

எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. எஃப் 5 அழுத்துங்கள். எல்லாத் தலைப்புகளும் படிக்கட்டுப் போல வரிசையாகத் தெரியும். ஏழாவது அத்தியாயத்தைப் பிடித்து இழுத்து மூன்றாவது இடத்தில் விட்டால், அதன் கீழுள்ள பத்திகள், துணைத் தலைப்புகள் எல்லாம் கூடவே நகரும், எண்களும் தாமாகவே மாறும். எனக்கு இரண்டு நாள் பிடித்த வேலை! தலைப்புகளை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். எந்த அத்தியாயம் இடம் மாறிக் கிடக்கிறது என்று சட்டென்று பிடிபடும்.

படி 5: பொருளடக்கம்

இன்செர்ட் மெனுவில் பொருளடக்கத்துக்கான வசதி உண்டு. எத்தனை நிலை வரை காட்ட வேண்டும் என்று கேட்கும். நாவலுக்கு 1, கட்டுரை நூலுக்கு 2 கொடுங்கள். ஆனால் இது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அச்சுக்கு அனுப்பும் நாளில், கடைசித் திருத்தமும் முடிந்த பிறகு, பொருளடக்கத்தின் மேல் வலது கிளிக் செய்து 'அப்டேட் இண்டெக்ஸ்' கொடுத்துவிட்டு, அதன் பிறகே பி.டி.எஃப். எடுங்கள்.