திறந்த சூளையும் செங்கல் சூளையும்: மண்பாண்டம் சுடும் முறை

வனைந்த பானை குறைந்தது 600 பாகை செல்சியஸ் சூட்டையாவது கடந்திருக்க வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்த சூட்டில் வெந்தது நீரில் ஊறினால் மறுபடியும் மண்ணாகிவிடும். அந்தச் சூட்டை எட்டுவதற்கும், எட்டியதைச் சிந்தவிடாமல் பிடித்து வைப்பதற்கும் மனிதர்கள் பட்ட பாடுதான் சூளைகளின் வரலாறு. ஒவ்வொரு சூளையும் முந்தியதன் குறையைத் தீர்க்க வந்ததால், புதிதாகச் சுடப் பழகுபவர் அதே வரிசையில் போவது நல்லது.

முதலில் திறந்த சூளை. பானைகளை நிழலில் ஒரு வாரம் உலர்த்திய பிறகு, அடிப்பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. என் முதல் சூளையில் இதைப் பொருட்படுத்தாமல் 12 சட்டிகளை அடுக்கினேன். தீ வைத்த அரைமணி நேரத்தில் உள்ளிருந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றிச் சட்டிகளை வெடிக்கச் செய்தது. மறுநாள் சாம்பலில் முழுதாகக் கிடைத்தவை 3.

மேடான, நீர் தேங்காத இடத்தில் வறட்டியையும் சிரட்டையையும் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடுக்குகளில் சிறு வறட்டித் துண்டுகளைச் செருக வேண்டும். மேலே வைக்கோலைக் கனமாகப் போர்த்தி, குழைத்த சேற்றை மெல்லப் பூசி, அடியில் சுற்றிலும் நான்கைந்து கண்களும் (காற்றுத் துளைகள்) உச்சியில் ஒன்றிரண்டு துளைகளும் விட வேண்டும். அடிக்கண்களில் நெருப்பு வைத்தால் முதலில் வெண்புகை வரும். அது ஈரம் போவதன் அடையாளம் என்பதால், அது அடங்கும் வரை நெருப்பைத் தூண்டக் கூடாது.

இந்த முறையில் எரிபொருளும் பானையும் ஒன்றாகக் கிடப்பதால், தீ எங்கே ஓங்குகிறதோ அங்கே பானை விரிசல் விடும். ஓரத்தில் இருப்பது அரைவேக்காடாக நிற்கும். அதனால்தான் அடுப்பைக் கீழேயும் பானையை மேலேயும் பிரித்து வைத்தார்கள். வட இராக்கின் யாரிம் தெபேயில் கி.மு. 6ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த இத்தகைய ஈரறைச் சூளைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இரண்டரை அடி உள்விட்டத்தில் இதைக் கட்டச் சாதாரணச் செங்கலே போதும். சிமெண்டுக் கலவை சூட்டில் உதிர்ந்துவிடும் என்பதால், களிமண்ணோடு மணல் கலந்த சாந்தைப் பயன்படுத்த வேண்டும். ஒன்றரை அடி உயர அடுப்பறையின் நடுவில் ஒரு தூண் எழுப்பி, அதன்மேலும் சுவர்மேலும் தாங்குமாறு செங்கற்களை இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பரப்பினால் துளைத்தளம் கிடைக்கும். அதன்மேல் சுவரை மூன்றடி உயர்த்திப் பானைகளை அடுக்கி, வாயை உடைந்த ஓடுகளால் தளர்வாக மூட வேண்டும்.

முதல் மூன்று மணி நேரம் அடுப்பு வாயிலின் வெளியே மட்டும் சிறு தீ எரியட்டும். பிறகுதான் விறகை உள்ளே தள்ள வேண்டும். ஓட்டிடுக்கில் பார்க்கும்போது பானைகள் மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் சூடு 650 பாகையை ஒட்டியிருக்கும். ஆரஞ்சு நிறம் எட்டினால் 900 கடந்துவிட்டது, சாதாரணக் களிமண்ணுக்கு அதுவே போதும். அப்போது வாயிலை அடைத்துவிட்டு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். 573 பாகையை ஒட்டி மண்ணிலுள்ள பளிங்கு மணல் (குவார்ட்ஸ்) சட்டெனச் சுருங்குவதால், அவசரப்பட்டுத் திறந்து குளிர்காற்று பட்டால் நல்ல பானையும் கீறிவிடும்.

இன்னும் அதிகச் சூடு தேடியவர்கள் சீனர்கள். மலைச்சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் அவர்களது நாகச் சூளையில் சரிவே புகைபோக்கியாக இழுப்பதால், 1,200 பாகைக்கு மேல் எட்டி மண் கல்போல் இறுகுகிறது. சுடரை மேலெழுப்பிக் குவிமாடத்தில் மோதவிட்டு, தளத்தின் வழியே புகைபோக்கிக்குக் கீழிழுக்கும் சூளையில் வெப்பம் சீராகப் பரவும். ஆனால் இவை இரண்டும் தொடக்கநிலையாளர் தனியாகக் கட்டக்கூடியவை அல்ல. மின்சூளையில் வேலை எளிது. இருப்பினும் அதில் புகை எழுவதில்லை.

கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகளின் உட்புறக் கருமைக்குப் புகையே காரணம். பானைக்குள் வைக்கோலையோ உமியையோ அடைத்துக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்று புகாமல் கரி படிகிறது. வெளிப்புறம் காற்றுப் பட்டு மண்ணிலுள்ள இரும்பால் சிவக்கிறது. முழுப் பானையும் கருக்க வேண்டுமெனில், அது செந்தணலாக இருக்கும்போதே அடுப்பில் ஈரத் தழையைத் திணித்து, எல்லாக் கண்களையும் சேற்றால் அடைத்துவிட வேண்டும். ஒரு கண் விடுபட்டாலும் அந்தப் பக்கத்துப் பானையில் சிவப்புத் திட்டு விழும்.