தமிழ்தானே என்று நம்பி வராதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிவருகிறீர்களா? அதுவும் ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளையோடு? அப்படியென்றால் இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். நான் திருச்சிக்காரி, கணவருக்கு யாழ்ப்பாணம் பக்கத்துக் கொக்குவில். மகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு மே மாதம் பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். சிங்களப் பகுதிக்கா போகிறோம், தமிழ் ஊர்தானே, பள்ளிக்கூடத்தில் என்ன கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்குத்தான் விலை கொடுத்தோம்.

காகித வேலை பெரிதில்லை. பிறப்புச் சான்றிதழ், விசா, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் (இங்கே அதற்கு விடுகைப் பத்திரம் என்று பெயர்) எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போனால் வழி சொல்வார்கள். கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, ஜூனில் இல்லை. வகுப்பைத் 'தரம்' என்பார்கள். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் (ஸ்காலர்ஷிப்) பரீட்சை உண்டு. மொத்தம் 200 புள்ளி (நம் ஊர் மார்க்), மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி, அதாவது கட்-ஆஃப், மாறும். பெயர் பெற்ற பாடசாலைகள் ஆறாம் தரத்துக்குப் பிள்ளைகளை அதை வைத்துத்தான் எடுக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு இடம் இருக்கிற பாடசாலைதான். எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே தவணைப் பரீட்சை (நம் ஊர்ப் பருவத் தேர்வு) என்பது அந்தந்த ஆசிரியர் கேள்வி போட்டுத் திருத்தும் சின்னத் தேர்வு இல்லை. மாகாணக் கல்வித் திணைக்களம் தயாரிக்கும் பொது வினாத்தாள் வரும். பதினோராம் தரத்தில் எழுதும் பொதுத்தேர்வான சாதாரண தரப் பரீட்சை போலவே 75இலிருந்து ஏ, 35க்குக் கீழே டபிள்யூ. டபிள்யூ என்றால் நம் ஊர் ஃபெயில்.

என் மகளுக்குக் கணிதத்தில் 29.

அங்கே தொண்ணூறுக்குக் கீழே வாங்காத பெண். அழவில்லை, பேசவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உடனே யாழ்ப்பாணத்துத் தாய்மார் செய்வதையே நானும் செய்தேன்: ரியூசன். மூன்று மாதம் வாரத்தில் நான்கு நாள், மாலை வெயிலில் சைக்கிள். அந்த சேர் நல்ல மனிதர்தான். ஆனால் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கை மறுபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். காசும் போனது, பிள்ளையின் தூக்கமும் போனது.

கடைசியில் வகுப்பு ரீச்சர்தான் கண்டுபிடித்தார். விடைத்தாளை விரித்து வைத்து, "பிள்ளைக்குக் கணக்கு வரும், கேள்விதான் விளங்கேல்லை" என்றார். பார்த்தேன். பொ.ம.சி காண்க என்று கேட்ட இடமெல்லாம் வெறுமை. பொது மடங்குகளுட் சிறியது! நம் ஊர் மீ.சி.ம. மீ.பெ.கா இங்கே பொ.கா.பெ. முக்கோணம் முக்கோணி, நாற்கரம் நாற்பக்கல், இயற்கணிதம் அட்சரகணிதம். எல்லாம் சுத்தமான தமிழ், ஒன்றுமே அவளுக்குத் தெரியாத தமிழ்.

விஞ்ஞானம் இன்னும் மோசம். (அறிவியல் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.) செல் என்பது கலம், ஆக்சிஜன் ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், அழுத்தம் அமுக்கம். கார்பன் டை ஆக்சைடு காபனீரொட்சைட்டு. இதைப் பிழையில்லாமல் எழுத எனக்கே ஒரு வாரம் பிடித்தது. ஒளிச்சேர்க்கை என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள், வெட்டிவிட்டார்கள். 'ஒளித்தொகுப்பு' என்று இருக்க வேண்டுமாம். இதற்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மாமியாரிடம் பொருமினேன். "உங்கட தமிழ் வேற, எங்கட தமிழ் வேற பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே தேங்காய் திருவப் போய்விட்டார்.

ஆகவே ரியூசனுக்கு ஓடாதீர்கள், முதலில் சொல்லைப் பிடியுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் பாடப்புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கிளம்பும் முன்பே இறக்கி, நம் ஊர்ப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் (இங்கே கொப்பி) இரண்டு பத்தியாகச் சொற்களைப் பிள்ளை கையாலேயே எழுதவிடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தால் பயனில்லை, நான் எழுதிப் பார்த்துவிட்டேன். அப்புறம் பழைய தவணை வினாத்தாள்களை வாங்கி, விடை எழுதச் சொல்லாமல் கேள்வியை மட்டும் வாசித்து 'என்ன கேட்கிறார்கள்' என்று சொல்ல வையுங்கள். எங்களுக்கு அது ஒன்றரை மாதத்து வேலை.

சமயம் இங்கே பரீட்சைப் பாடம், இரண்டாம் மொழியாகச் சிங்களமும் உண்டு. சிங்களத்தில் அவள் இன்னும் தடுமாறுகிறாள். சைவநெறியில் பயமே இல்லை. உறையூரில் என் அம்மா தூளியில் போட்டுப் பாடிய தேவாரம் இங்கே புள்ளியாக வந்து விழுந்தது.

மூன்றாம் தவணையில் கணிதம் 81. அன்றிரவு அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டோம். "அம்மாச்சி, முக்கோணி எல்லாம் சரியா வந்துட்டுது" என்றாள் மகள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா கேட்டார்: "மூணு கோணியா? எதுக்குடி, அரிசிக்கா?"