கறிக்கோழித் தீவனத்தில் எண்ணெய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லடம் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைத்துக் கறிக்கோழி வளர்க்கத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பியின் பண்ணைக்குப் போன வாரம் போயிருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே இரும்பு பேரல், மூடி பாதி திறந்து கிடக்கிறது, உள்ளே தவிட்டு எண்ணெய். “எப்போ வாங்குன தம்பி?” என்று கேட்டேன். “தை மாசமுங்கண்ணா. மலிவா கெடச்சுது, மொத்தமா எடுத்துப் போட்டுட்டேன்” என்றார். இப்போது வைகாசி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை.

கம்பெனித் தீவன மூட்டையை வாங்கிப் போடுகிறவர்களுக்கு இது தேவைப்படாது. சொந்தமாக அரைக்கிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன். எடை போட்டுப் போடுங்கள், நன்றாகக் கலக்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் வாரத்திலேயே எண்ணெயை ஏற்றுவது

பொரித்த குஞ்சுக்குக் கொழுப்பைச் செரிக்கும் திறன் குறைவு. பித்த உப்பும் லைபேஸ் நொதியும் போதுமான அளவு சுரக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் பாமாயிலையோ மாட்டுக் கொழுப்பையோ அதிகமாகப் போட்டால் பாதி எச்சத்தோடு போய்விடும். எச்சம் பிசுபிசுப்பாகி, தரையில் போட்ட நார்த்தூளும் கட்டி தட்டும். முதல் பத்து நாளுக்கு எண்ணெய் கொஞ்சம்தான், அதுவும் சோயா எண்ணெய் மாதிரி சீக்கிரம் செரிப்பது. பாமாயில் வேண்டுமென்றால் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காறிப்போன எண்ணெயை வாங்குவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எரிச்சல் வருகிற விஷயம் இது.

கோடையில் தீவனத்தில் எண்ணெய் சேர்ப்பது நல்ல பழக்கம். மாவுச்சத்தைச் செரிக்கும்போது கோழியின் உடம்பில் கிளம்புகிற சூடு, எண்ணெயைச் செரிக்கும்போது குறைவு. வெயிலுக்குக் கோழி குறைவாகத் தின்றாலும், தின்ற கொஞ்சத்தில் எரிசக்தி கிடைத்துவிடும். அதனால் சித்திரை பிறக்கும் முன்பே எல்லோரும் எண்ணெய் தேடுவோம். நானும் தேடினேன். வழக்கமான விலையைவிடக் கிலோவுக்கு 9 ரூபாய் குறைவாக ஒரு வியாபாரி தவிட்டு எண்ணெய் தருவதாகச் சொன்னார். ஆய்வகச் சீட்டும் காட்டினார். எண்ணெய் காறத் தொடங்கியதைக் காட்டும் பெராக்சைடு மதிப்பு அதில் மிகக் குறைவாக இருந்தது. நம்பி இரண்டு பேரல் இறக்கினேன்.

3,000 குஞ்சு விட்டிருந்த பேட்ச் அது. பதினேழாம் நாள் காலையில் நாலைந்து குஞ்சு தள்ளாடின. மதியத்துக்குள் சில பக்கவாட்டில் விழுந்து, கழுத்தைப் பின்னால் முறுக்கிக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டே கிடந்தன. தீவனத் தட்டு பக்கத்திலேயே இருக்கிறது, எழுந்து போகத்தான் முடியவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) நோய் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துத் தண்ணீரில் தடுப்பு மருந்தை மறுபடியும் கொடுத்தேன். மூன்று நாள் வீணாய்ப் போனது.

நான்காம் நாள் செத்த கோழிகளை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். மண்டையைத் திறந்து காட்டினார். சிறுமூளை வீங்கி, சிவப்புப் புள்ளிகளாக ரத்தம் கசிந்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: “எண்ணெய் எங்கே வாங்கினீங்க?”

வைட்டமின் ஈ பற்றாக்குறை. தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின் கலவையான பிரீமிக்ஸில் ஈ இருந்தது, ஆனால் காறிப்போன எண்ணெய் அதைத் தீவனத்திலேயே தின்று தீர்த்துவிட்டது. வைட்டமின் ஏ, டி இரண்டையும் அது விடாது. தவிட்டு எண்ணெய், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாவற்றிலும் லினோலிக் அமிலம் அதிகம். கோழிக்கு அது அவசியம்தான், ஆனால் காற்றுப் பட்டால் சீக்கிரம் காறுவதும் அதுதான்.

அப்படியென்றால் அந்தச் சீட்டு பொய்யா? இல்லை. அதைத்தான் புதியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் காறத் தொடங்கும்போது பெராக்சைடு ஏறும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தப் பெராக்சைடே உடைந்து ஆல்டிஹைடு போன்ற பொருள்களாக மாறிவிடும். அப்போது மதிப்பு திரும்பவும் இறங்கும். புத்தம்புது எண்ணெயும், முழுக்கக் கெட்டுப்போன எண்ணெயும் சீட்டில் ஒரே மாதிரி தெரியலாம். அந்த உடைந்த பொருள்களை அளக்க அனிசிடின் மதிப்பு என்று தனிச் சோதனை உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எண்ணெயின் வயசு தெரியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கே கேளுங்கள்.

இன்னொன்று, சில வியாபாரிகள் ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் சீட்டை மட்டும் காட்டுவார்கள். அது எண்ணெயிலிருந்து பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலத்தின் அளவு, வேறு கணக்கு. நெல் அரைத்த உடனே தவிட்டில் உள்ள நொதி எண்ணெயைப் பிரிக்கத் தொடங்கிவிடுவதால், பழைய தவிட்டில் எடுத்த எண்ணெயில் அது ஏறியிருக்கும். அது குறைவாக இருப்பதால் எண்ணெய் காறவில்லை என்று ஆகிவிடாது.

அப்புறம் பி.எச்.டி. (BHT) மாதிரியான காறல் தடுப்புப் பொருளை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்டைக் கலந்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எண்ணெய் புதிதாக இருக்கும்போது காறாமல் தள்ளிப்போடும். காறியதைத் திருப்பிக் கொண்டுவராது. எண்ணெய் ஆலையிலிருந்து வந்த அன்றே அதைக் கலந்துவிட வேண்டும்.

தீவனம் முழுவதையும் மாற்றி, தண்ணீரில் வைட்டமின் ஈயும் செலினியமும் கொடுத்த பிறகு புதிதாக விழுவது நாலைந்து நாளில் நின்றது. ஏற்கெனவே விழுந்தவை எழவில்லை. 214 கோழி போனது. பிழைத்ததும் எடை ஏறாமல் ஒரு வாரம் பின்தங்கியது. ஒரு பேட்ச் முழுக்க எனக்கு ஆகும் எண்ணெய் 300 கிலோ. மிச்சம் பிடிக்க நினைத்தது 2,700 ரூபாய்.

ஹோட்டலில் பொரித்த எண்ணெய்

வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பலமுறை கொதித்த எண்ணெயில் செரிக்காத பிசின்போல் மாறிய கொழுப்பு சேர்ந்திருக்கும், எரிசக்திக் கணக்கு பொய்யாகிவிடும். பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களைக் காட்டும் ‘மொத்த போலார் பொருள்கள்’ அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து நாட்டில் இருக்கிறது. பயோடீசலுக்குப் போக வேண்டியதைக் கோழி வழியாகத் திரும்பவும் மனுசன் தட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்காததால் வந்த கேடு சின்னது இல்லை. 1968இல் ஜப்பானில் தவிட்டு எண்ணெய் சுத்திகரிப்பில் பி.சி.பி. (PCB) என்ற நச்சு ரசாயனம் கலந்துவிட்டது. அந்த ஆலையின் கழிவு எண்ணெய் சேர்ந்த தீவனத்தைத் தின்று சுமார் 4 லட்சம் கோழிகள் செத்தன. அதே ஆலையின் எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட மனிதர்கள் நோயில் விழுந்தது அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. 1999இல் பெல்ஜியத்திலும் தீவனக் கொழுப்பில்தான் அதே ரசாயனம் கலந்தது, முதலில் காட்டிக்கொடுத்ததும் கோழிகள்தான்.

எரிசக்தியை ஏற்றிவிட்டுப் புரதத்தை மறப்பது

100 கிலோ தீவனத்தில் 3 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு 3 கிலோ எண்ணெய் போட்டால் கிலோவுக்குச் சுமார் 160 கிலோகலோரி கூடும். 3,050 இருந்தது 3,210 ஆகும். முன்பு புரதம் 20 சதவீதம் என்றால், அதே விகிதத்துக்கு இப்போது 21 வேண்டும். ஆனால் மக்காச்சோளம் குறைந்ததால் புரதம் 19.7 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். எரிசக்தி கூடிய தீவனத்தைக் கோழி குறைவாகத் தின்னும், அதனால் லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள், வைட்டமின் எல்லாமே உடம்புக்குக் குறையும். அறுக்கும்போது வயிற்றில் மஞ்சள் கொழுப்பு கட்டியாக வரும், கடைக்காரர் அதை வெட்டி எறிவார். எண்ணெய் கூட்டினால் சோயாப் புண்ணாக்கையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

மிக்சரில் எண்ணெயை முதலில் ஊற்றுவது

காய்ந்த சரக்கும் பிரீமிக்ஸும் கலந்த பிறகு, கடைசியில் தெளிக்க வேண்டும். முதலில் ஊற்றினால் பிரீமிக்ஸ் உருண்டையாகும்.

பித்தளை வால்வு

மாற்றுங்கள். செம்பு எண்ணெயைக் காற வைக்கும், இரும்புத் துருவும் அப்படியே.

பேரல் அடியில் தங்கிய தண்ணீர்

புது எண்ணெயைப் பழைய பேரலின் மிச்சத்தின் மேலேயே ஊற்றுகிறார்கள். அடியில் கிடக்கும் தண்ணீரும் கசடும் புது எண்ணெயையும் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் முழுக்கக் காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே ஊற்றுங்கள். அந்தத் தம்பியின் பேரலை அன்றைக்கே காலி செய்ய வைத்துவிட்டுத்தான் வந்தேன்.